லாரியில் ஏற வேண்டிய மிஷின்

ஜனவரி 6, செவ்வாய்

மனைவி மஞ்சுவுக்குச் சென்னை மாற்றல் உத்தரவு வந்துவிட்டது. இருபதாம் தேதிக்குள் டெல்லி சரோஜினி நகர் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். இன்றே சாமான்களைப் பிரிக்க ஆரம்பித்துவிட்டாள். பால்கனி வாசலில் நின்று, ஆபீஸ் குரலில் தீர்ப்பு: "ஓடுற சாமான்தான் லாரில ஏறும். ஓடாதது கபாடிக்காரருக்கு, பழைய இரும்பு விலைக்கு. உங்க மிஷினும்தான்."

என் மிஷின்! காஷ்மீரி கேட்டில் வாங்கிய கார் வைப்பர் மோட்டார், சாவ்ரி பஜாரில் தேடிப் பிடித்த மரம் துளைக்கும் பிட், ஓர் இரும்புக் குழாய், நுனியில் பித்தளை மூக்கு. த்ரீடி பிரிண்டரில் வீணாய்ப் போன பிளாஸ்டிக் துண்டுகளை மிக்ஸியில் நொறுக்கிக் கொட்டினால், உருகி, மறுபடி பிரிண்டருக்குப் போடும் இழையாக வெளியே வரும். வர வேண்டும். அரை மணி நேரம் அழகாக வருகிறது. அப்புறம் வெப்பம் மளமளவென்று இறங்குகிறது. 185 டிகிரி வைத்தால் திரையில் 150. இழை மெலிந்து மெலிந்து அறுந்துவிடுகிறது.

ஏன்?

ஜனவரி 7

கண்டுபிடித்துவிட்டேன்! குளிர்தான். பால்கனி முழுக்கப் பனிமூட்டம். என் மூக்கே மரத்துக் கிடக்கிறது, பித்தளை மூக்கைக் கேட்பானேன். பழைய கீசரிலிருந்து கண்ணாடிப் பஞ்சை உருவிச் சுற்றினேன். கையெல்லாம் அரிப்பு. பரவாயில்லை. நாளைக்குப் பாருங்கள் மஞ்சு மேடம்!

ஜனவரி 8

148.

ஜனவரி 10, சனி

வோல்டேஜ்! எப்படித் தோன்றாமல் போயிற்று? காலையில் பிளாக் முழுக்க கீசர் போடுகிறார்கள், விளக்கே மங்குகிறது. ஃபிரிட்ஜின் ஸ்டெபிலைசரைக் கழற்றி மிஷினுக்கு மாட்டினேன். வெப்பம் அப்படியும் இறங்கியது. இந்தத் தடவை புகையும் வந்தது. சாயங்காலம் மஞ்சு ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்தாள். "ஓடிட்டிருந்த ஒண்ணையும் நிறுத்திட்டீங்க. இதையும் கபாடிக்குப் போட்டுடலாமா?"

சிரிப்பு வந்தது. சிரிக்கவில்லை.

ஜனவரி 11, ஞாயிறு

கபாடிக்காரர் வந்து பால்கனியை எட்டிப் பார்த்தார். "லோஹா ஹை" என்றார். இரும்பாம்! யோவ், அது மிஷின்யா. ஒரு வருஷமா உசிரக் குடுத்து பண்ணியிருக்கேன். இதெல்லாம் மனசுக்குள்தான். ஓடலையே, என்னத்தச் சொல்ல? மஞ்சுதான் அவரை வியாழக்கிழமை சாயங்காலம் வரச் சொல்லி அனுப்பினாள்.

ஜனவரி 13

அவசரமாக எழுதுகிறேன், எழுத்து கோணினால் கோணட்டும்.

இன்றும் வெப்பம் இறங்கியது. வெறுத்துப்போய்ச் சும்மா உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். மோட்டார் சுகமாக ஓடுகிறது. அதெப்படி? குளிர்ந்தால் பிளாஸ்டிக் கெட்டியாகும். அதைத் தள்ள மோட்டார் முக்க வேண்டும், முனக வேண்டும். இது பாட்டுக்கு ஓடுகிறது. இழையோ நீர்த்து ஒழுகுகிறது, புகை வேறு.

அப்படியானால் குளிரவே இல்லையோ? திரைதான் பொய் சொல்கிறதோ?

கீழ் வீட்டு வைத்திக்கு மின்பராமரிப்பு வேலை. வெப்பம் அளக்கும் மீட்டர் வைத்திருக்கிறார். மூச்சிரைக்க ஓடி அவரை மேலே கூட்டி வந்தேன். பித்தளை மூக்கில் அவர் மீட்டர் கம்பியைத் தொட்டுவைத்ததும் 231! திரையில் அதே நேரம் 152! "குணா சார், உங்க மிஷினுக்கு நல்ல ஜுரம். தெர்மாமீட்டர்தான் கழண்டு கிடக்கு" என்றார் வைத்தி.

பிரித்துப் பார்த்தேன். திரைக்கு வெப்பம் சொல்லும் சென்சாரை மூக்கோடு ஒட்டியது நான்தான், குழாய் ஒழுகலை அடைக்கும் பிசினால். அதற்காக என்னையே மெச்சிக்கொண்டவனும் நான்தான். சூடேறினால் பிசின் விரிசல் விட்டு சென்சாரைத் தூக்கிவிடுகிறது. ஐயோ குளிர்கிறதே என்று ஹீட்டர் இன்னும் காய்கிறது. ஆறினால் விரிசல் மூடி, மறுநாள் காலை ஒன்றும் அறியாத பிள்ளை மாதிரி உட்கார்ந்திருக்கிறது.

முட்டாள்! எவ்வளவு சந்தோஷமான முட்டாள்!

ஜனவரி 15, பொங்கல்

திருகி மாட்டும் சென்சார் போட்டேன். விடிந்ததும் ஓட்டினேன். அரை மணி தாண்டியது. ஒரு மணியும் தாண்டியது. 185, 184, 185. இழை பளபளவென்று ஒரே கனத்தில் வந்துகொண்டே இருக்கிறது. எனக்கு உட்காரத் தெரியவில்லை, நிற்கவும் தெரியவில்லை. மஞ்சு கரண்டியோடு வந்தாள். "நிக்கவே நிக்காதா இது?" என்றாள். பிறகு கரண்டியை என்னிடம் கொடுத்துவிட்டு இழையைப் பிடித்துச் சுருளில் சுற்ற ஆரம்பித்தாள்.

பொங்கல் அடிப்பிடித்துவிட்டது. இருவரும் கவனிக்கவில்லை.

சாயங்காலம் கபாடிக்காரரிடம் பழைய பேப்பர் மட்டும் போட்டோம்.

ஜனவரி 21, ரயிலில்

நேற்று லாரியில் எல்லாம் ஏறியது. லாரி ஆள் மிஷினை மோட்டாரைப் பிடித்துத் தூக்கியதும் மஞ்சு போட்ட சத்தம் ரிங் ரோடு வரை கேட்டிருக்கும். "பையா, உஸே மத் உட்டாவ்!" தூக்காதே என்றதும் இறக்கிவைத்துவிட்டான்.

ஆகவே அவளுடைய கீழ் பெர்த்தில் இப்போது மிஷின் படுத்திருக்கிறது, அவளுடைய போர்வைக்குள். மஞ்சு முட்டியைப் பிடித்துக்கொண்டு மேல் பெர்த்தில் ஏறிவிட்டாள். காலையில் வந்த டி.டி.ஆர் போர்வையைச் சந்தேகமாகப் பார்த்து, இது என்ன என்று கேட்டார். நான் வாயெடுப்பதற்குள் மேலேயிருந்து பதில் வந்தது, ஆபீஸ் குரலில்:

"மெஷின் ஹை. சல்தி ஹை." ஓடுகிறதாம்!