அக்கா வந்தால் தங்க ஓர் அறை

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்களும் அத்தானும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் பேசாமல் இப்படிக் கடிதம் எழுதித் தொந்தரவு செய்வதற்கு முதலில் மன்னித்துவிடுங்கள். போனில் நீங்கள் "சொல்லுடி, சீக்கிரம் சொல்லு" என்றதும், "ஒண்ணும் இல்லக்கா, சும்மாதான்" என்று வைத்துவிடுகிறேன். ஒரு தடவைகூடச் சும்மா கூப்பிட்டதில்லை.

அண்ணன் புது அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபோய்விட்டார். அண்ணி எல்லாச் சன்னலுக்கும் திரை தைத்துப் போட்டிருக்கிறார், பார்க்க அழகாக இருக்கிறது. எனக்கு அங்கே இடமில்லை என்று யாரும் சொல்லவில்லை. "நீ எங்க படுப்ப?" என்று அண்ணி ஒரே ஒரு தடவை கேட்டார், அவ்வளவுதான். நான் பெண்கள் விடுதிக்கு வந்துவிட்டேன். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ரிப்போர்ட் தட்டச்சு செய்யும் வேலை. டிகிரி முடித்துவிட்டு இதுவா என்று நீங்கள் நினைக்கலாம். இப்போதைக்கு இது போதும் அக்கா.

நம் வீட்டை விற்ற பணத்தில் உங்கள் பங்கு குறைந்திருப்பதாகவும், அண்ணன் ஏதோ எடுத்துக்கொண்டதாகவும் நீங்கள் நினைக்கிறீர்கள் என்று அண்ணி சொன்னார். அண்ணன் எடுக்கவில்லை. விலை எப்படி இறங்கியது என்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தவள் நான். அதை அவர் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்.

விளக்குக் கம்பத்தில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் பார்த்துத்தான் அண்ணன் அந்த ஆளைப் பிடித்தார். வீடு எந்த நிலையில் இருந்தாலும் வாங்குவாராம், பேங்க் கடன் அது இதென்று இழுக்காமல் மொத்தமும் ரொக்கமாகவே தருவாராம். அண்ணி அவருக்கு ரொக்கக்காரர் என்று பெயர் வைத்தார். அப்பாவிடம் இதை எப்படிச் சொல்வது என்று எல்லாரும் விழித்தபோது நீங்கள்தான் வழி சொன்னீர்கள். "ரிப்பேர் பண்றோம்னு சொல்லிடுங்க. கண்ணு தெரியாத மனுஷன், எதுக்கு நோகடிக்கணும்?" போன் ஸ்பீக்கரில் இருந்ததால் எனக்கும் கேட்டது.

அதனால் ரொக்கக்காரர் நம் வீட்டுக்குள் வந்தது காண்ட்ராக்டராக. அப்பா குளித்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வாசலிலேயே நின்றார். கண்டக்டர் வேலையை விட்டு இத்தனை வருஷம் ஆகியும் வாய் மட்டும் இன்னும் பஸ்ஸில்தான் இருக்கிறது. "ஏறுங்க, ஏறுங்க! படியில நிக்காதீங்க, உள்ள காலியாத்தான் இருக்கு!" என்று அந்த ஆளின் மணிக்கட்டைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார்.

அப்புறம் நடந்ததைத்தான் நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அப்பா சுவரை விரலால் தட்டி, "கேளுங்க, பூசின பூச்சு தனியா நிக்குது" என்றார். பின்கதவு நிலையைக் கிள்ளிக் கரையான் அரித்த தூளை அந்த ஆளின் உள்ளங்கையில் வைத்தார். மழை வந்தால் குளியலறைச் சாக்கடை எதிர்த்து வருவதைச் சொன்னார். நடு அறைச் சுவரில் மேலிருந்து கீழே ஓடும் வெடிப்பை மறைக்க அண்ணன் முதல்நாள்தான் பீரோவை நகர்த்தி வைத்திருந்தார். அப்பா தடவிப் பார்த்துவிட்டு, "எவன்டா இதை இங்க தள்ளினது? பிடிங்க சார் ஒரு கை" என்று அந்த ஆளையே நகர்த்த வைத்தார்.

முதலில் அவருக்கு ஒன்றும் புரியவில்லை. அப்பாவின் முதுகுக்குப் பின்னால் அண்ணன் நின்று கையை ஆட்டுவதைப் பார்த்தார், அப்பாவின் கண்ணைப் பார்த்தார், விஷயம் பிடிபட்டுவிட்டது. அதன் பிறகு அவருக்குக் கொண்டாட்டம். "வேற எங்கயாச்சும் இருக்கா பெரியவரே? யோசிச்சுச் சொல்லுங்க." அப்பா சந்தோஷமாக, "இல்லாமலா? வாங்க, மாடிக்கு வாங்க!" என்றார். அண்ணன் எதைச் சொல்லித் தடுப்பார்? ஒவ்வோர் அறையிலிருந்து வெளியே வரும்போதும் வீட்டின் விலை இறங்கிக்கொண்டே வந்தது.

கடைசியாக அப்பா சமையலறைக்குப் பக்கத்து இடத்தைக் காட்டினார். "இங்க ஒரு ரூம் எடுக்கணும். என் பெரிய பொண்ணு வந்தா தங்க. பேரப்பிள்ளைங்க வெளிநாட்டுல வளருதுங்க, குந்தி உக்காரத் தெரியாது, அதுக்கு ஏத்த கக்கூஸ் வைங்க. போன தடவ ரெண்டே நாள்ல கிளம்பிட்டா. வசதி இருந்தா இருப்பா."

ரொக்கக்காரர், "போட்டுடலாம் பெரியவரே. டைல்ஸ் என்ன கலர்?" என்று கேட்டார். அப்பா என் பக்கம் திரும்பி உங்களுக்கு என்ன நிறம் பிடிக்கும் என்றார். எனக்குத் தெரியவில்லை அக்கா. நீலம் என்றேன். அந்த ஆள் சிரிக்காமல், "நீலம்" என்று சொல்லிக்கொண்டே குறித்தும் கொண்டார்.

அவர் போன பிறகு அண்ணன் போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும். "எல்லாத்தையும் அவன்கிட்ட கொட்டணுமாப்பா? வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டீங்களா?" அப்பாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "வைத்தியம் பாக்க வந்தவன்கிட்ட எவனாச்சும் வலிய மறைப்பானாடா?" என்றார். அண்ணி சிரிப்பை அடக்க முடியாமல் சமையலறைக்குள் ஓடினார். அண்ணன் அப்பாவின் கைத்தடியைப் பிடுங்கிப் பரண்மேல் போட்டார், இனி யாருக்கும் எதையும் சுற்றிக் காட்ட வேண்டாமாம். அப்பா சாயங்காலம் வரை கட்டிலுக்கடியில் அதைத் தேடிக்கொண்டிருந்தார். அண்ணன் வெளியே போன பிறகு நான் ஸ்டூல் போட்டு எடுத்துக் கொடுத்தேன்.

ரிப்பேருக்கு அனுமதி வாங்கக் கையெழுத்துப் போட வேண்டும் என்று சொல்லித்தான் அப்பாவைப் பதிவு அலுவலகத்துக்குக் கூட்டிப்போனோம். அங்கே என்ன ஆகுமோ என்று பயந்தேன். ஒன்றும் ஆகவில்லை. அதிகாரி நிமிர்ந்து பார்க்காமலே "சம்மதம்தானே பெரியவரே?" என்றார். "முழுச் சம்மதம் சார். சீக்கிரம் ஆரம்பிக்கச் சொல்லுங்க" என்றார் அப்பா. அங்கிருந்த எல்லாரும் சிரித்தார்கள். கையெழுத்துப் போடும் இடத்தில் நான் அவர் விரலை எடுத்து வைத்தபோது, "நான் என்னத்தப் படிக்கப் போறேன்? அதான் படிச்ச பிள்ளை பக்கத்துல நிக்குதே" என்று சொல்லிவிட்டுப் போட்டார்.

முதியோர் இல்லத்துக்கு வந்ததையும் அப்பா வீட்டு வேலை முடியும் வரைக்கும் என்றுதான் நினைக்கிறார். அதை லாட்ஜ் என்கிறார். பெட்டியின் அடியில் இருக்கும் துணியை இன்னும் வெளியே எடுக்கவில்லை. பக்கத்துக் கட்டில்காரர் ஒரு தையல்காரர். அவர் என்னிடம், "நானும் ரெண்டு மாசம்னு சொல்லித்தாம்மா வந்தேன். உண்மைய யாராச்சும் அவர்கிட்ட சொல்ல வேண்டியதுதான், நான் சொன்னா கேக்குறாரா?" என்றார். சொல்லிச் சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போகிறேன். வேலை எவ்வளவு ஆச்சு என்றுதான் முதல் கேள்வி. நம் வீடு இருந்த இடத்தைச் சுற்றித் தகர வேலி போட்டிருக்கிறார்கள். உள்ளே எட்டிப் பார்த்தேன், கிணற்றைக்கூட மூடிவிட்டார்கள். அப்பாவிடம் பூச்சு முடிந்தது, சாக்கடை மாற்றியாகிவிட்டது என்று வாரம் ஒன்றாகச் சொல்லிச் சொல்லி, இப்போது உங்கள் அறை மட்டும்தான் பாக்கி. அதற்குக் கதவு வரவில்லை, தச்சன் ஏமாற்றுகிறான் என்று இழுத்துக்கொண்டிருந்தேன். இல்லாத தச்சனை அப்பா தினமும் திட்டுகிறாராம். "அவனை இங்க கூட்டிட்டு வா, நான் பேசிக்கிறேன்" என்கிறார்.

இந்த நிலையில்தான் அடுத்த மாதம் நீங்கள் வரப்போவதை அண்ணன் அப்பாவிடம் போனில் சொல்லிவிட்டார். போன ஞாயிறு நான் போனபோது பெட்டி கட்டி, மேலே கைத்தடியை வைத்து, சட்டை மாற்றி உட்கார்ந்திருந்தார். "என்கிட்ட மறைக்கிறியா? அவ வர்றான்னா ரூம் முடிஞ்சிருச்சுன்னுதான அர்த்தம்? நாம முன்னாடி போய்க் கூட்டிப் பெருக்கி வைக்க வேணாமா?" என்றார். அன்றைக்கு அவரைப் பெட்டியிலிருந்து கையெடுக்க வைக்க எனக்கும் தையல்காரருக்கும் சாப்பாட்டு மணி தாண்டிவிட்டது.

நீங்கள் வந்தால் அண்ணன் வீட்டில் தங்குவீர்கள். இல்லத்துக்கு ஒரு மணி நேரம் வருவீர்கள். பழம் வாங்கி வருவீர்கள். அப்பா பெட்டியைத் தூக்கிக்கொண்டு உங்கள் பின்னாலேயே வாசல் வரை வருவார். நீங்கள் காரில் ஏறிப் போய்விடலாம். அவரைத் திரும்ப உள்ளே கூட்டிப்போக அங்கே நான்தான் இருப்பேன்.

நான் உங்களிடம் இதுவரை எதுவும் கேட்டதில்லை. கேட்க வாய் வராததால்தான் இவ்வளவையும் எழுத வேண்டியதாயிற்று. வருவதென்றால் அப்பாவின் கையைப் பிடித்து, வீடு இல்லை என்று நீங்களே சொல்லுங்கள். நான் சொன்னால் அண்ணன் மேல் கோபத்தில் உளறுகிறேன் என்பார். நீங்கள் சொன்னால்தான் நம்புவார். அதைச் சொல்ல முடியாதென்றால், அக்கா, தயவுசெய்து வராதீர்கள். டிக்கெட்டை ரத்து செய்துவிடுங்கள். அப்பாவிடம் நான் ஏதாவது சொல்லிக்கொள்கிறேன்.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு என் முத்தங்கள்.

பணிவுடன்,
உங்கள் தங்கை