அந்த அறையில் சம்பந்தியின் நாற்காலி

மார்ச் 4
எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் பேசுகிறேன், போன் எழுதிக்கொள்கிறது. அமுக்கினால் திரும்பப் படித்தும் காட்டும். மகள் பழக்கிவிட்டாள். இன்று அதனிடம் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. அவள் அறையில் சம்பந்திக்கு நாற்காலி போட்டாயிற்று. எனக்கு இல்லை.

மார்ச் 5
முழுசாகக் கொட்டினால்தான் ஆறும்.

மருமகன் கப்பலில் வேலை. வீட்டில் மகள், அவளைப் பெற்ற அப்பன் நான், அவளுடைய மாமனாரான சம்பந்தி. பேங்க் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். மூக்குக்கண்ணாடியைத் துடைப்பதிலேயே ஒரு தோரணை.

மகளுக்குக் கம்ப்யூட்டர் வேலை, வீட்டிலிருந்தே. இப்போது கண்ணாடிப் பலகை அறுக்கும் தொழிற்சாலைக்கு ஒரு பெட்டி தயார் செய்கிறாள். நொடியை ஆயிரமாகக் கூறு போட்டு, ஒவ்வொரு கூறுக்கும் அறுக்கும் இயந்திரத்துக்கு ஓர் உத்தரவு போக வேண்டுமாம். ஒன்று தாமதித்தாலும் பலகை விரிசல். பெட்டிக்குள் எட்டு பிராசஸர். எந்த வேலை எந்தப் பிராசஸருக்கு என்று பிரித்துக் கொடுப்பது கெர்னல். சில பிராசஸர்களைத் தனியே ஒதுக்கி, இந்த ஒரு வேலையைத் தவிர வேறெதுவும் அவற்றை அண்டக் கூடாது என்று அந்தக் கெர்னலுக்குக் கட்டளை போடுகிறாள். சோதிக்க, அறுக்கும் இயந்திரத்துக்குப் பதில் ஒரு பேனா. காகிதத்தில் வட்டம் போடும். இடைஞ்சல் வந்தால் வட்டம் நெளியும்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? கதவுக்கு வெளியே நின்று கேட்டதுதான். ஒரு தடவை காதில் விழுந்தால் எனக்குப் போகாது. ஆனால் அவள் சொன்னது அவரிடம்.

“மாமா, திரையில இந்த நம்பர் ஏறினா மட்டும் சொல்லுங்க.”

“நான் பாத்துக்கறேம்மா, நீ வேலையப் பாரு.”

என்ன குழைவு!

மார்ச் 9
வட்டம் நெளிந்தது. பிராசஸரை ஒதுக்கிவிட்டாள், ஆனால் நெட்வொர்க்கிலிருந்து வரும் கூப்பாடுகள் பழைய பழக்கத்தில் அங்கேயே போய்த் தட்டினவாம். அவற்றை வேறு பக்கம் திருப்பிவிட்டாள்.

சாப்பிடும்போது சம்பந்தி ஆரம்பித்தார். “உங்களுக்குப் புரியற மாதிரி சொல்றேன் சம்பந்தி...”

நான் தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டேன்.

மார்ச் 10
மணி அடித்தால் நான். காஸ் வந்தால் நான். பால், பார்சல், கீழ்வீட்டு அம்மாவின் புகார் — எல்லாவற்றுக்கும் நான். உள்ளே உட்கார மட்டும் அவர்.

நாலு வயதில் கரண்ட் போனால் யார் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்? பச்சைக் கட்டம் போட்டது, மேல் பொத்தான் இல்லாதது. அன்றைக்கு இந்த மேனேஜர் எங்கே இருந்தார்?

மார்ச் 12
சொல்லாமல் கொள்ளாமல் பூங்காவில் போய் உட்கார்ந்தேன். அடிக்கட்டும் மணி. மேனேஜர் திறக்கட்டும்.

மார்ச் 13
நேற்று நான் திரும்பியபோது வாசல் திறந்து கிடந்தது. கீழ்வீட்டு அம்மா தண்ணீர் ஒழுகுகிறது என்று கத்த, மகள் போனைக் காதோடு தோளில் இடுக்கி, கைகூப்பிக்கொண்டு நின்றாள். சம்பந்தி, பார்சல்காரரிடம் சொந்த ஊர் விசாரித்துக்கொண்டிருந்தார்.

“எங்கப்பா போன?” என்றாள். குரலில் கோபமில்லை. “ஞாயித்துக்கெழம தொழிற்சாலைக்காரங்க பாக்க வர்றாங்க. வட்டம் நெளிஞ்சா இந்த வேலை வேற ஆளுக்குப் போயிடும்.”

பெட்டியும் நேற்று படுத்துவிட்டதாம். ஆசைப்பட்டு ஏழு பிராசஸரைப் பேனாவுக்கே கொடுத்துவிட்டாள்.

“சில்லறை வேலை மொத்தமும் மிச்சமிருந்த ஒண்ணு தலையில விழுந்துச்சுப்பா. அது திணற, பேனாவுக்குப் போக வேண்டிய தகவலும் நின்னு போச்சு. இனி ரெண்டை வெளிய விட்டுடணும்.”

கேட்டே விட்டேன். “அவர எதுக்கு உள்ள வச்சிருக்க?”

“வெளிய விட்டா நிமிஷத்துக்கு ஒருதரம் கதவத் தட்டுவாரு. ஒரு நம்பரக் குடுத்தா பேசாம இருக்காரு. நீ வெளிய இருந்தா எனக்குக் கதவு ஞாபகமே வராது.”

நிஜமா, என்னைச் சமாளிக்கிறாளா? இரண்டும் இருக்கும். சின்ன வயதிலிருந்தே கெட்டிக்காரி.

மார்ச் 15
வந்தார்கள். நான் வாசலை விட்டு நகரவில்லை. கீழ்வீட்டு அம்மாவைப் படியிலேயே மடக்கி, “இன்னிக்கு ஒருநாள் திட்டாதீங்கம்மா, நாளைக்கு ரெண்டா வாங்கிக்கறேன்” என்றேன். சிரித்துவிட்டார்.

வட்டம் நெளியவில்லை. வேலை மகளுக்குத்தான்.

“முடிச்சிட்டோம் சம்பந்தி!” என்றார் மேனேஜர். முடிச்சிட்டோமாம்!

மார்ச் 22
பெட்டியைப் பொருத்த மகள் தொழிற்சாலைக்குப் போயிருக்கிறாள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அவர் செய்தித்தாளைப் பிரிப்பதும் மடிப்பதுமாக இருந்தார்.

சாயங்காலம் அவள் கூப்பிட்டாள். என் போனுக்கு. சம்பந்தி எழுந்து ஜன்னல் பக்கம் போய் முதுகைக் காட்டி நின்றுகொண்டார். எனக்குத் தெரியாதா அந்த முதுகு?

ஸ்பீக்கரில் போட்டேன். “சம்பந்தி, வாங்க, பொண்ணு பேசுது” என்றேன். ஓட்டமாக வந்தார்.

போனை மட்டும் என் கையிலேயே வைத்திருந்தேன்.