மார்கோவின் சனிக்கிழமைகள்

2024 மார்ச் 2, சனி

இன்று என் முறை. ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் சனியும் ஞாயிறும் மகள் மார்கோ என்னோடு இருக்கவேண்டும் என்று விவாகரத்தின்போது முடிவானது. இதுவரை தவறியதில்லை.

காலையில் ஐஸ் ஹாக்கிக்குக் கூட்டிப்போனேன். அவள்தான் கோல் காப்பவள். தலைக்கவசம் மாட்டிக்கொண்டால் என் மகளா வேறு யாரோவா என்றே தெரியாது. திரும்பும்போது காரெல்லாம் வியர்வைக் கையுறை வாடை. யார் யாரோடு பேசுவதில்லை, எந்த வாத்தியார் மூக்கைச் சிந்திவிட்டுக் கை கழுவுவதில்லை என்று வழியெல்லாம் பேச்சு. உள்ளபடி எனக்கு அந்தப் பயணம்தான் வார இறுதி. மற்ற நேரமெல்லாம் அவள் அறைக்கதவு மூடியிருக்கும்.

மார்ச் 14, வியாழன்

மார்கோவின் அம்மா லோரெய்ன் கூப்பிட்டாள் என்று போனேன். கல்லூரிச் சேர்க்கைக்கு ஒரு ஆலோசகரை அமர்த்தியிருக்கிறாள், திருமதி ஆஷ்பி. மார்கோ பத்தாவது முடிக்கப்போகிறாள். பதினொன்று, பன்னிரண்டில் என்ன படிப்பது, பள்ளிக்கு வெளியே என்ன செய்வது எல்லாம் இப்போதே தீர்மானமாக வேண்டுமாம்.

"பெரிய காலேஜ்ல உங்க பொண்ணோட விண்ணப்பத்தைக் கையில எடுக்கறவருக்கு ரொம்ப நேரம் கிடையாது. எடுத்ததும் இவ யாருன்னு பளிச்சுனு தெரியணும். எல்லாத்துலயும் கொஞ்சம் கொஞ்சம்னு இருந்தா யாருமே இல்லாத மாதிரி."

பிறகு ஹாக்கி பற்றி ஆஷ்பி கேட்டார். "இவளை ஹாக்கிக்காகவே எந்தக் காலேஜாவது எடுத்துக்குமா?"

"எடுக்காது," என்று மார்கோவே சொன்னாள்.

"அப்போ அது நேரத்தைத் தின்னுது."

நான் மார்கோவைப் பார்த்தேன். அவள் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "சரி, விட்டுடறேன்."

அவ்வளவுதானா? ஆறு வயதிலிருந்து ஆடுகிறாள்!

"அவளுக்குப் பிடிச்சிருக்கே," என்றேன்.

"நீல்," என்றாள் லோரெய்ன், குழந்தைக்குச் சொல்வதுபோல், "பிடிக்கறதைப் பத்தி இப்ப யாரும் பேசல."

ஹாக்கிக்குப் பதில் விவாத அணி. அதில் தலைவியாகவும் வரவேண்டும். கல்லூரி அளவில் நடத்தும் ஏ.பி. பாடங்கள், எவ்வளவு முடியுமோ அவ்வளவு. கோடையில் ஏதாவது ஆய்வுக்கூடம். நான் தலையாட்டிவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 27, சனி

என் முறை. வரவில்லை. நுழைவுத்தேர்வுப் பயிற்சி.

மே 11, சனி

வரவில்லை. மாவுக்குள் பன்றி இறைச்சி வைத்துச் சுட்டிருந்தேன், அவளுக்குப் பிடித்தமாதிரி கிராம்பு குறைத்து. அடுப்படியில் நின்றபடியே பாதியைத் தின்றேன்.

ஜூலை 20, சனி

சிகாகோவில் ஒரு ஆய்வுக்கூடத்தில் இருக்கிறாள். படம் அனுப்பினாள்: நீல ரப்பர் கையுறை போட்ட ஒரு கை, கையில் சோதனைக் குழாய். கீழே, 'இது என் கைதான்.'

அரை மணி நேரம் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல கை என்று பதில் போட்டேன். வேறென்ன போடுவது?

செப்டம்பர் 24, செவ்வாய்

விவாத அணியின் பயிற்சியாளர் டாமியன், பெற்றோர் எல்லோருக்கும் எழுதியிருக்கிறார். ஒவ்வொரு பள்ளியும் போட்டிக்கு நடுவர்களையும் கூட்டிவர வேண்டுமாம். அனுபவம் தேவையில்லை, காது கேட்டால் போதும் என்கிறார். உடனே வருகிறேன் என்று எழுதிவிட்டேன்.

நான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் கூட்டமே சனிக்கிழமைதான். முதலாளி கஸ் முகத்தைச் சுளித்தார். "இப்ப எல்லா சனிக்கிழமையும் லீவா?"

"பொண்ணு இருக்காளே, கஸ்."

"அப்படித்தான் சொல்ற. கண்ணுல காட்டினதே இல்லயே!"

வேடிக்கையாகத்தான் சொன்னார்.

அக்டோபர் 5, சனி

நடுவர் தன் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தீர்ப்புச் சொல்லக்கூடாதாம். இதை யாரும் எனக்கு முன்னாலேயே சொல்லவில்லை. ஆக, நாள் முழுவதும் ஊர் பெயர் தெரியாத பிள்ளைகள் ஆற்று நீர்ப் பங்கீட்டைப் பற்றி மூச்சு விடாமல் பேசுவதைக் கேட்டேன். ஒரு பெண் தோற்றதும் என் கையைக் குலுக்கி நன்றி சொன்னாள். அவள் கை ஜில்லென்று இருந்தது. அவளுக்கு என்ன எழுதிக்கொடுப்பது என்று தெரியாமல், 'நடுவில் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவும்' என்று எழுதினேன்.

மதியம் சாப்பாட்டுக்கூடத்தில் மார்கோவைப் பார்த்தேன். கறுப்புக் கோட்டு, கொண்டை. எட்ட இருந்து கையைத் தூக்கினாள். நானும் தூக்கினேன்.

மாலையில் கேட்டேன், "கார்ல வரியா?"

"அணியோட பஸ்லதான் வரணும்பா. தப்பா நினைச்சுக்காத."

இதில் தப்பாக நினைக்க என்ன இருக்கிறது? பஸ்ஸுக்குப் பின்னாலேயே ஓட்டிக்கொண்டு வந்தேன். கடைசி சன்னலில் ஒரு தலை தெரிந்தது. மார்கோவா என்று தெரியவில்லை.

2025 ஜனவரி 11, சனி

பனி கொட்டியதால் பஸ் வரவில்லை. பிள்ளைகளைப் பெற்றோர் பிரித்து ஏற்றிக்கொண்டோம். மார்கோ என் பக்கத்து இருக்கையில்! பின்னால் இரண்டு பெண்கள் எதற்கோ விழுந்து விழுந்து சிரித்தார்கள். மார்கோ நெடுஞ்சாலை ஏறுமுன்பே தூங்கிவிட்டாள். கண்ணுக்குக் கீழே கருவளையம். பதினாறு வயதுப் பெண்ணுக்கு!

பனி நின்ற பிறகும் மெதுவாகவே ஓட்டினேன்.

லோரெய்ன் வீட்டு வாசலில் கண் விழித்தாள். "வந்துட்டமா?"

"வந்துட்டோம்."

இன்று நாங்கள் பேசிக்கொண்டது அவ்வளவுதான்.

மே 30, வெள்ளி

மார்கோ விவாத அணித் தலைவி. லோரெய்ன் சொல்லித்தான் தெரிந்தது.

அக்டோபர் 19, ஞாயிறு

என் முறையே இல்லாத நாளில் வந்தாள். கோட்டைக்கூடக் கழற்றாமல் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தாள்.

"அப்பா, ஒண்ணு கேக்கணும்."

விண்ணப்பத்தோடு தன்னைப் பற்றி ஒரு கட்டுரை அனுப்ப வேண்டும். ஆய்வுக்கூடத்தைப் பற்றி எழுதியிருந்தாள். திருமதி ஆஷ்பி படித்துவிட்டு இதில் உயிரே இல்லை என்றாராம். அப்பா அம்மா பிரிந்ததை எழுது, அழுது வடியக்கூடாது, அதிலிருந்து என்ன கற்றுக்கொண்டாய் என்று முடி, இது அவர் யோசனை.

"எழுதிட்டேன். எங்கப்பா வீட்டை விட்டுப் போனார்னு ஆரம்பிக்குது. பரவால்லயா?"

"நான் விட்டுட்டுப் போகல, மார்கோ."

"தெரியும்."

"நானும் அம்மாவும் உக்காந்து பேசி, சேந்துதான்..."

"தெரியும்பா. ஆனா அப்படி எழுதினாத்தான் நல்லா வருது."

காப்பிப் பாத்திரத்தைக் கழுவ எழுந்தேன். அது ஏற்கெனவே கழுவியதுதான்.

"சரி, அதுலேர்ந்து என்ன கத்துக்கிட்ட?"

"அந்த இடம்தான் வர மாட்டேங்குது. மன உறுதின்னு போட்டிருக்கேன். பொய்யிப்பா. நான் ஒண்ணும் கத்துக்கல. பழகிடுச்சு, அவ்வளவுதான்."

"நான் போனதாவே எழுதிக்கோ," என்றேன். "உனக்கு உதவும்னா."

"நெஜமாவா?"

"நெஜமா."

என்னை ஒரு மாதிரி பார்த்தாள். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன், படவில்லை. கோட்டுப் பித்தானைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

நான் எங்கடி போனேன்? மூணு தெரு தள்ளித்தானே இருக்கேன். அந்தக் காலேஜ்ல முகம் தெரியாத எவனோ படிச்சுட்டு, பாவம், அப்பன் ஓடிப்போயிட்டான்னு நினைப்பான். நினைக்கட்டும்.

நினைக்கட்டும் என்று எழுதிவிட்டேன். ஆறவில்லை.

டிசம்பர் 15, திங்கள்

அவள் ஆசைப்பட்ட கல்லூரி முதல் சுற்றிலேயே மறுத்துவிட்டது. கூப்பிட்டேன், எடுக்கவில்லை. 'நல்லா இருக்கேன், இப்ப பேச வேண்டாம்பா' என்று செய்தி.

கடையில் ஒரு பாட்டிக்கு இடது கண்ணாடியை வலதில் மாட்டிக் கொடுத்துவிட்டேன்.

2026 ஜனவரி 17, சனி

இந்த வருடத்தின் முதல் போட்டி. மார்கோ அரையிறுதியில் தோற்றாள். நான் காரைக் கிளப்பும்போது கண்ணாடியைத் தட்டினாள்.

"பஸ் போயிடுமே."

"போகட்டும். சொல்லிட்டுத்தான் வந்தேன்."

ஏறி உட்கார்ந்தாள். ஊரைத் தாண்டினோம். பிறகு சாலையைப் பார்த்தபடியே சொன்னாள், "நீ போனதா எழுதினேன்ல, அதைத்தான் அங்க அனுப்பினேன்."

"சரி."

"உன்னை வித்தும் கிடைக்கலப்பா."

"நான் பழைய சரக்கு. அவ்வளவு விலை போக மாட்டேன்," என்றேன்.

சிரித்தாள். சிரிப்பு பாதியில் உடைந்து அழுகையாகிவிட்டது. வண்டியை ஓரமாக நிறுத்தினேன். சிறுபிள்ளைபோல் முகத்தைக் கோட்டுக் கையில் துடைத்துக்கொண்டாள்.

"மத்த காலேஜுக்கெல்லாம் வேற எழுதி அனுப்பிட்டேன். ஆஷ்பி மேடம்கிட்ட காட்டல."

"என்ன எழுதின?"

"சொல்ல மாட்டேன்."

மறுபடி கேட்கவில்லை. ஒரு பெட்ரோல் பங்கில் ஹாட் சாக்லேட் வாங்கிக் கொடுத்தேன். கண்றாவியாக இருந்தது. இருவரும் முழுவதும் குடித்தோம்.

மார்ச் 26, வியாழன்

பெரிய பெயர்கள் எல்லாம் இல்லையென்றுவிட்டன. மினசோட்டாவில் ஒரு சின்னக் கல்லூரி எடுத்துக்கொண்டது, உதவித்தொகையோடு. லோரெய்ன் போனில், "நாம என்ன தப்பு பண்ணோம், நீல்?" என்றாள். நாம் என்றாள்.

மார்கோவின் குரலில் வருத்தம் தெரியவில்லை. "அங்க குளிர் இன்னும் மோசமாம்," என்றாள்.

மினசோட்டா. பஸ்ஸுக்குப் பின்னால் ஓட்டிப்போகிற தூரம் இல்லை.

ஆகஸ்ட் 29, சனி

விமான நிலையம்வரை நான்தான் ஓட்டினேன். கல்லூரிக்கு அம்மாவும் பெண்ணும் போனார்கள். உள்ளே போகுமுன் மார்கோ என்னைக் கட்டிக்கொண்டாள். என் தோளைவிட உயரம். எப்போது?

செப்டம்பர் 12, சனி

கடை.

செப்டம்பர் 19, சனி

கடை. "என்ன, லீவு கேக்க மாட்டியா?" என்றார் கஸ். இல்லை என்றேன். மதியம் தன் சூப்பில் பாதியை எனக்கு ஊற்றினார்.

அக்டோபர் 17, சனி

டாமியன் தயங்கித் தயங்கி எழுதியிருந்தார், மார்கோ இல்லாவிட்டாலும் வர முடியுமா, நடுவர் பற்றாக்குறை என்று. போனேன். முதல் வருடப் பிள்ளைகள்.

இரண்டாவது சுற்று தொடங்கும் நேரம் போன் அடித்தது. மார்கோ. நடைவழிக்கு வந்து எடுத்தேன்.

"என்னம்மா, என்னாச்சு?"

"ஒண்ணும் ஆகல."

"ஏதாவது வேணுமா? எதுலயாவது கையெழுத்துப் போடணுமா?"

"இல்லப்பா. சும்மாதான் கூப்பிட்டேன்."

போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"அப்பா? லைன்ல இருக்கியா? எங்க இருக்க, ஒரே சத்தமா இருக்கு?"

"விவாதப் போட்டில. நடுவர்."

"நான்தான் இல்லயே!"

"அதனால என்ன?"

பிறகு மெதுவாக, "போரடிக்குதுப்பா இங்க. சனிக்கிழமைல என்ன பண்றதுன்னே தெரியல. இதைப் பண்ணு, அதைப் பண்ணுன்னு யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க," என்றாள்.

வகுப்பிலிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். "சார், ஆரம்பிக்கலாமா?"

"இதோ வரேன்மா, ரெண்டு நிமிஷம்," என்று நடைவழியின் கடைசிவரை போய்ச் சன்னலோரம் நின்றுகொண்டேன்.

சுற்று ரொம்பவே தாமதமாகத்தான் ஆரம்பித்தது. டாமியன் முறைத்தார்.