நாற்காலி வேண்டாம், பிட்டைக் கொடு

மார்ச் 4, செவ்வாய்

கட்டுப் பிரித்தபின் இன்றுதான் பட்டறைக்குப் போனேன். எலும்பு கூடிவிட்டதாம். ஆனால் இடக்கையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இனி மடங்காது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். யாருக்கோ வழி காட்டுவதுபோல இரண்டும் விறைத்துக்கொண்டு நிற்கின்றன. மழையில் வண்டி சறுக்கியது அரை நொடி. தண்டனை ஆயுளுக்கும்.

உள்ளே நுழைந்ததும் நாத்தனார் லேத்தை நிறுத்திவிட்டு வந்தாள். என் வீட்டுக்காரரின் தங்கை. பட்டறை எங்கள் இருவருக்கும் பொது. லேத் அவளுடையது, டிரில் மெஷின் என்னுடையது, சண்டை சரிபாதி. வாசல் பக்கம் ஒரு மேசை போட்டு, பின்னால் புது நாற்காலி வைத்திருந்தாள். மெத்தை வைத்தது. சுழலும்.

"அண்ணி, இனிமே நீங்க இங்க உட்காருங்க. போன் வந்தா எடுங்க, வர்றவங்ககிட்ட பேசுங்க. அது போதும்."

"டிரில் மெஷினை யாரு பார்ப்பா?"

"அதெல்லாம் நான் பார்த்துக்கறேன்."

உட்கார்ந்தேன். மதியம் வரை போன் ஒரே ஒருமுறை அடித்தது. அதுவும் தவறான எண்.

மார்ச் 5, புதன்

எல்லோரும் டீ குடிக்கப் போன நேரம் பார்த்துச் சாணைக்கல்லைப் போட்டேன். துளை போடும் டிரில் பிட்டில் மழுங்கியது ஒன்றை எடுத்து இடது ஆள்காட்டி விரலின்மேல் படுக்க வைத்து, வலக்கையால் வாலை மெல்லக் கீழிறக்க வேண்டும். அந்த விரல்தான் எல்லாம். எவ்வளவு சாய்வு, எவ்வளவு அழுத்தம் என்று அதற்குத்தான் தெரியும். இந்தப் பட்டறையில் எல்லோருடைய பிட்டையும் தீட்டியது அந்த விரல்.

பிட் நழுவிக் கல்லில் மோதித் தெறித்தது. சுவரில் பட்டு விழுந்தது. திரும்பினால் நாத்தனார் நிற்கிறாள். சுவிட்சை அணைத்தாள். திட்டியிருந்தால் தேவலை.

மார்ச் 7, வெள்ளி

"அக்கா, நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க" என்று ஆரம்பித்தார் எங்கள் பட்டறை வெல்டர். அவர் அப்படி ஆரம்பித்தால் ஊருக்கே சொல்லிவிட்டு வந்திருக்கிறார் என்று அர்த்தம்.

பிட்டையெல்லாம் காகிதத்தில் சுற்றி வெளியே கடைக்குத் தீட்டக் கொடுத்து வாங்குகிறாளாம் நாத்தனார். எனக்குத் தெரியாமல். நான் அங்கேயே, அந்த மெத்தையின்மேல் உட்கார்ந்திருக்கும்போதே.

ராத்திரி வீட்டுக்காரரிடம் பொரிந்து தள்ளினேன். "உன் நல்லதுக்குத்தானே செய்யறா" என்றார்.

நல்லதுக்குத்தான். அதான் கோவம் வருது. கெட்டதுக்குச் செஞ்சா சண்டை போடலாம். நல்லதுக்குச் செய்யறவகிட்ட என்னத்தைப் போட?

நான் அந்த நாற்காலியில் உட்காரப் போவதில்லை. எழுதி வைக்கிறேன்.

மார்ச் 10, திங்கள்

பழைய சாமான் கடையில் பிட் தீட்டும் மெஷின் ஒன்று கிடக்கிறது என்று வெல்டர்தான் சொன்னார். (இந்த முறை யாரிடமும் சொல்லவேண்டாம் என்று சொல்லவில்லை.) வீட்டுக்காரர் தோளில் தூக்கிக்கொண்டு வந்து பெஞ்சில் வைத்தார். தையல் மெஷினின் தலை அளவு இருக்கும். பிட்டைச் சக்கில், அதாவது அதைக் கவ்விப் பிடிக்கும் உருளையில், செருக வேண்டும். சக்கை ஒரு பக்கத் துளையில் வைத்தால் பிட்டின் நுனி எப்படி நிற்கவேண்டுமோ அப்படி நிற்கும். அப்படியே இறுக்கிவிட்டு, மறுபக்கத் துளையில் நுழைத்துத் திருப்பினால் உள்ளே சுழலும் கல் தீட்டிவிடும். விரலுக்கு வேலையே இல்லை.

நாத்தனார் இடுப்பில் கைவைத்துப் பார்த்தாள். "இதுக்கும் கை வேணுமே, அண்ணி."

"ஒரு கை போதும்."

மாடிப்படிக் கைப்பிடிகளுக்கான அடித்தகடுகள் வந்து இறங்கியிருக்கின்றன. கெட்டி இரும்பு, ஒவ்வொன்றிலும் நாலு துளை. அதற்காக வெல்டரின் சகலையை டிரில் மெஷினுக்குப் பேசிவிட்டாளாம். வருகிற 24ஆம் தேதி வருகிறார். நிரந்தரமாக.

"அதுக்குள்ள தகடு பூரா நானே முடிச்சுட்டா? நான் தீட்டின பிட்டுல?"

தகட்டுக் குவியலை ஒருமுறை அளந்து பார்த்தாள். "முடிச்சுட்டா அவரை வர வேணாம்னு சொல்லிடறேன். முடியலைன்னா நீங்க நாற்காலியில உட்காரணும். முணுமுணுக்கக் கூடாது."

முணுமுணுக்காமல் இருப்பதுதான் கஷ்டம். ஒப்புக்கொண்டேன்.

மார்ச் 12, புதன்

தீட்டிய பிட் வைரம்போல மின்னியது. நகத்தில் வைத்தால் சீவியது. தகட்டில் இறக்கினேன் – கீச்சென்று கத்தி, புகைந்து, நுனி நீலமாகிப்போனது. தகட்டில் ஒரு பளபளப்பான வட்டம்தான் விழுந்தது. துளையைக் காணோம்.

இன்னொன்று. அதே கதை. இவ்வளவு கூரான பிட் ஏன் இரும்பைக் கடிக்கவில்லை?

மார்ச் 13, வியாழன்

இன்றும் கீச்சு.

மார்ச் 15, சனி

கல் தேய்ந்திருக்கும் என்றார் வெல்டர். மோட்டார் சரியில்லை என்றார். அந்தக் கடைக்காரனே சரியில்லை என்றார். கடையைக் காட்டியதே தான் என்பதை மறந்துவிட்டார்.

கடைசியில் நாத்தனார் வந்தாள். ஒரு பிட்டை மாட்டினாள், தீட்டினாள், டிரில்லில் போட்டு இறக்கினாள். வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கியது.

"மெஷின்ல குறை இல்லை, அண்ணி" என்றாள், மெதுவாக. அவ்வளவு மெதுவாக அவள் எதையுமே சொன்னதில்லை.

அப்ப குறை யார்கிட்ட? சொல்ல வேண்டியதுதானே. வாயில என்ன கொழுக்கட்டையா?

வீட்டுக்கு வந்து பாத்திரங்களைச் சத்தமாகக் கழுவினேன். வீட்டுக்காரர் வாசலுக்குப் போய் நின்றுகொண்டார்.

மார்ச் 17, திங்கள்

ஞாயிறு முழுக்க யோசித்தேன். அதே மெஷின், அதே பிட், அதே தகடு. மாறியது கை மட்டும். அப்படியானால் அவள் கை என்ன செய்கிறது, என் கை என்ன செய்யவில்லை?

காலையில் வெட்கத்தை மூட்டைகட்டி வைத்துவிட்டு அவளைக் கூப்பிட்டேன். "இன்னொரு தடவை செய். மெதுவா."

செய்தாள். சக்கை இடக்கையால் அசையாமல் கவ்விக்கொண்டு வலக்கையால் இறுக்கினாள். கவ்விக்கொண்டு – அதேதான். என்னால் கவ்வ முடியாது. உள்ளங்கையால் அமுக்கித்தான் பிடிக்கிறேன். பிட்டின்மேலும் சக்கின்மேலும் சேர்த்துப் பேனாவால் ஒரு கோடு இழுத்தேன். என் பாணியில் இறுக்கினேன். கோடு இரண்டாக உடைந்திருந்தது. இறுக்கும்போது பிட் உள்ளே மயிரிழை திரும்பிவிடுகிறது.

அந்த மயிரிழைதான். நுனி திரும்பியதும் கல் தவறான இடத்தைத் தேய்க்கிறது. வெட்டும் விளிம்புக்குப் பின்பக்கம் மேடாக நின்றுவிடுகிறது. தகட்டில் மேடுதான் உரசுகிறது, விளிம்பு இரும்பைத் தொடுவதே இல்லை. எவ்வளவு கூராக இருந்து என்ன?

நாத்தனார் அந்தக் கோட்டைக் குனிந்து பார்த்தாள். "சரி, தெரிஞ்சுபோச்சு. கை என்னவோ அதேதானே, அண்ணி?"

"கவ்வுறதுக்குக் கைதான் வேணும்னு யாரு சொன்னா?"

மார்ச் 18, செவ்வாய்

மரக்கட்டை ஒன்றில் சக்கின் அளவுக்குத் துளை போட்டு, ஒரு பக்கம் ரம்பத்தால் பிளந்து, பெஞ்சில் போல்ட் போட்டு முடுக்கினேன். முதல் கட்டை விரிசல் விட்டது. இரண்டாவது வழுக்கியது. வீட்டுக்காரர் மூலையில் கிடந்த என் வண்டியின் பழைய டியூபை வெட்டிக் கொண்டுவந்தார். அதை உள்ளே ஒட்டினேன். கையை உடைத்த வண்டிதானே, உதவட்டும்.

சக்கைக் கட்டையில் வைத்து, பிளவை மூட மேலே மாட்டிய நெம்புகோலை முழங்கையால் அமுக்கினால் கவ்விக்கொள்கிறது. வலக்கையால் இறுக்கினேன். பேனாக் கோடு உடையவில்லை. தீட்டினேன். தகட்டில் இறக்கினேன்.

இரண்டு பக்கமும் இரண்டு இரும்புச் சுருள், ஒரே தடிமனில், ஒன்றையொன்று துரத்திக்கொண்டு மேலே ஏறி வந்தன. ஒரு விளிம்பு கூடக்குறைய இருந்தாலும் ஒரு சுருள்தான் வரும். இரண்டும் வந்தன. நான் அழுதேன். எண்ணெய்ப் புகை என்று வெல்டரிடம் சொன்னேன்.

மார்ச் 20, வியாழன்

தகடு, துளை, பிட் மழுங்கல், கட்டை, கல், மறுபடி தகடு. முழங்கை கன்றிப்போய்விட்டது. எழுத நேரமில்லை.

மார்ச் 22, சனி

கடைசித் தகட்டில் கடைசித் துளை போட்டு முடிக்கும்போது தெருவிளக்கு எரிய ஆரம்பித்திருந்தது. நாத்தனார் துளைக்குத் துளை போல்ட்டை விட்டுப் பார்த்தாள். ஒன்றுகூட இடறவில்லை. ஒன்றுகூட ஆடவில்லை. குறை கண்டுபிடிக்க முடியாத கோபம் அவள் முகத்தில் தெரிந்தது. எனக்கு அது பிடித்திருந்தது.

"சரி, சாப்பிட்டுட்டுத் தூங்குங்க" என்று மட்டும் சொன்னாள்.

மார்ச் 24, திங்கள்

சகலை வரவில்லை. "சனிக்கிழமை ராத்திரியேவா சொன்னா?" என்று வெல்டரிடம் கேட்டேன்.

"சனிக்கிழமையா? செவ்வாய்க்கிழமையே வேணாம்னுட்டாங்களே அக்கா. அந்தச் சுருள் வந்துச்சே, அன்னைக்கே. நான் சொன்னேன்னு –"

"சொல்லமாட்டேன்."

அப்போது தகடுகள் எல்லாம் அப்படியே குவிந்து கிடந்தன. நான் ஒரே ஒரு துளைதான் போட்டிருந்தேன். அவள் லேத் பக்கமிருந்து, என்னைப் பார்க்காததுபோலப் பார்த்திருக்கிறாள். அந்த ஒரு துளை அவளுக்குப் போதுமாக இருந்திருக்கிறது. எனக்குத்தான் போதவில்லை. நேரே போய் அவளிடம் ஏதாவது சொல்லலாம் என்று லேத் வரை நடந்தேன். "என்ன அண்ணி?" என்றாள். "எண்ணெய் எங்க வெச்சே?" என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்தேன்.

ஏப்ரல் 11, வெள்ளி

மெத்தை நாற்காலியை யாரோ என் பெஞ்சுப் பக்கம் தள்ளிவிட்டிருக்கிறார்கள். உட்காரலாம் என்று போனால் இடமில்லை. தீட்டவேண்டிய பிட்டுகளைத் தட்டோடு அதன்மேல் வைத்திருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலே நாத்தனார் லேத்தில் மாட்டும் பெரிய டிரில் பிட். அவள் யாரையும் தொடவிடாத பிட்.

வாசல் மேசையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது.

"அண்ணி, போன்."

"நீயே எடு" என்றேன். "எனக்கு வேலை கிடக்கு."