தொட்டி கவிழ்ந்த செய்தி

மலைமேல் மழை தவறாமல் பெய்க. விதைத்தவர் வீட்டுக்கு விளைச்சல் வந்து சேர்க. கடலிற் சென்ற கலங்கள் கரை காண்க.

வேங்கைக்கொடி உயர்த்தவரும், வடமலைக் கணவாய்களைக் காத்தவரும், கருவேங்கை நாட்டு மன்னருமாகிய கோவேள் அழிசியாரின் பட்டத்துத் தேவி, அவர் மீண்டு வரும்வரை அவருடைய முத்திரையைக் காத்திருக்கும் குமுதை வேண்மாள், வடவாயிற்கோட்டைப் பழைய அரண்மனையிலிருந்து விடுக்கும் ஓலை. மன்னருக்குப் பின்பிறந்தவரும், ஆழித்துறைப் புதுநகரில் அமர்ந்து நாட்டின் காரியங்களை நடத்துகிறவரும், எமக்குக் கொழுந்தனாருமாகிய இளவேள் எயினனார் காண்க. உமக்கும், உமது இல்லத்தார்க்கும், உமது துறைமுகத்துக்கும், அங்கே வந்திறங்கும் பிறநாட்டு வணிகர்க்கும், அவர்கள் மொழி விளங்காமலே தலையாட்டும் உமது அதிகாரிகளுக்கும் எல்லா நலமும் உண்டாகுக.

இங்கு யாமும் நலம். கோட்டையும் நலம் என்று எழுதத்தான் மனம் வரவில்லை. கோட்டைக்குள் இருந்தவை ஒவ்வொன்றாக உமது வண்டிகளில் ஏறி உம்மிடம் வந்துகொண்டிருக்கின்றன.

புது அவைமண்டபத்துக்கு முற்றிய பழந்தேக்கு வேண்டுமென்றும், குதிரைகளெல்லாம் துறைமுகப் பாசறைக்கு வந்துவிட்டமையால் வடவாயிற் குதிரைப் பந்தி வெறிதே கிடக்கிறதென்றும், ஆகவே அதன் உள்மரம் முழுவதையும் பிரித்தனுப்ப வேண்டுமென்றும் நீர் எழுதினீர். யாமும் இசைந்து முத்திரை இட்டோம். ஆகையால் இந்த ஓலை மரத்துக்காகச் சண்டை பிடிக்க வரவில்லை. இருந்தாலும், எடுத்துக்கொண்டவர் எதை எடுத்தோம் என்று அறிந்திருக்க வேண்டும் அல்லவா?

உம்மிடம் வந்த தூண்களில் தோள் உயரத்துக்கு ஒரு மெருகு இருந்தது. அது எந்தத் தச்சனும் ஏற்றியது அன்று. நம் பாட்டனார் காலத்திலிருந்து குதிரைகள் கழுத்தைத் தேய்த்துத் தேய்த்து ஏற்றியது. உமது ஆட்கள் அதை அழுக்கென்று நினைத்து, வண்டியில் ஏற்றுமுன்பே இழைப்புளி போட்டுச் சீவிவிட்டனர். கொட்டடிகளுக்கு இடையே இருந்த பலகைகளில் பல்தடம் இருந்தது. அதையும் சீவினார்கள். சுவரின் மேற்பாதியில் செங்காவியால் தீட்டியிருந்த குதிரை வரிசையை நீர் மறந்திருக்கமாட்டீர். பலகையைப் பெயர்த்தபோது சாந்தும் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. குதிரைகளின் கால்கள் இங்கே சுவரில் நிற்கின்றன. தலைகள் உம்மிடம் வந்திருக்கும். அவற்றை என்ன செய்தீர் என்று யாம் கேட்கப்போவதில்லை.

இப்போது பந்திக்குள் போனால், ஒரு மூலை தவிர, கல்தரையும் நான்கு சுவரும்தான். பித்தளை வளையம் இருந்த இடங்களில் ஓட்டை இருக்கிறது. சாணமும் கொள்ளும் வியர்வையும் கலந்த அந்த வாடைகூடப் போய்விட்டது. வாடை மரத்தில்தான் இருந்திருக்கிறது, மரம் போனதும் அதுவும் போயிற்று. யாம் அங்கே தினமும் போகிறோம்.

மன்னரின் குதிரையாகிய சுட்டியன் நின்ற கடைக்கோடிக் கொட்டடியை மட்டும் ஒருவரும் தொடலாகாது என்று நீர் கட்டளை எழுதியிருந்தீர். அதைப் படித்தபோது உமக்கு நன்றி சொல்லத் தோன்றியது. அந்த நன்றியை இந்த ஓலையில் சொல்ல இயலாதபடி காரியம் வேறாகிவிட்டது.

பந்தியின் முறைமை உமக்குத் தெரியும். ஆயினும் இதை உமது அவையில் உரக்கப் படிப்பார்கள், அங்கே இருப்போரில் பாதிப்பேர் புதுநகரத்தார். அவர்களும் அறியும்படி எழுதுகிறோம். இந்தக் கோட்டையிலிருந்து ஒரு வீரன் குதிரையேறிப் போனால், அவன் திரும்பும்வரை அந்தக் குதிரையின் தீனித்தொட்டி நிமிர்ந்தே இருக்கும். அந்தியில் புதுப்புல் இடுவார்கள். அவன் இறந்தான் என்று உறுதியானால், அவனுடைய உற்ற இரத்தத்தான் ஒருவன் வந்து தன் கையால் தொட்டியைக் கவிழ்ப்பான். கவிழ்த்த பிறகே அழுகை, கவிழ்த்த பிறகே சடங்கு. தொட்டி நிமிர்ந்திருக்கும்வரை போனவன் வழியில் இருக்கிறான் என்றுதான் கணக்கு. அவன் பொருட்டு ஒரு துளிக் கண்ணீரும் ஆகாது. அது போனவனைப் போ என்று துரத்துவதற்கு ஒப்பாகும்.

மரம் பிரித்த கடைசி நாள் முற்பகலில் உமது தச்சர் தலைவர் மயிலேறியார் கடைசித் தூணின் தலைக்கட்டையாகிய போதிகையைக் கழற்ற வந்தார். நல்ல மனிதர், ஊருக்குப் புதியவர். கடைக்கோடிக் கொட்டடிக்கு வெளியேதான் அந்தத் தூண் இருந்தது, ஆகவே அதைத் தொட்டதில் உமது கட்டளையை அவர் மீறவில்லை. ஏணி வண்டியோடு போய்விட்டிருந்தது. மேலே கை எட்டவில்லை. சுற்றுமுற்றும் பார்த்திருக்கிறார். சுட்டியனின் தொட்டி கண்ணில் பட்டது. அதிலிருந்த புல்லைச் சிந்தாமல் அள்ளி ஓரமாக அடுக்கி வைத்துவிட்டு, தொட்டியை வெளியே இழுத்துத் தலைகீழாகப் போட்டு, அதன்மேல் ஏறி நின்று வேலையைத் தொடங்கினார்.

பந்திக்குப் புல் இடும் பூவாத்தாள் அந்த நேரத்தில்தான் அந்திக்கு வேண்டிய புற்கட்டோடு உள்ளே வந்தாள். வந்தவள் தொட்டியைப் பார்த்தாள். ‘அய்யோ, தொட்டியக் கவுத்துட்டாங்களே! எஞ்சாமி போயிட்டாரே!’ என்று கட்டைப் போட்டுவிட்டுத் தரையில் விழுந்து அலறினாள். மயிலேறியார், மரச்சாமான் உடைந்துவிடும் என்று இவள் ஏசுகிறாள் என நினைத்து, ‘எறங்கிடறேன் தாயி, ஒண்ணும் ஆவல, எறங்கிடறேன்’ என்று கெஞ்சியிருக்கிறார். அவர் இறங்குவதற்குள் காவற்காரர் வந்துவிட்டனர். அவர்களும் தொட்டியைத்தான் பார்த்தனர், அதன்மேல் நின்ற ஆளை யார் பார்த்தார்கள்? சாவுமுரசு முழங்கிற்று. கடைவீதி அடைத்தது. ஊரே பந்தி வாசலில் வந்து விழுந்தது. மயிலேறியாரும் யாரோ பெரியவர் தவறிவிட்டார் என்று எண்ணி, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கூட்டத்தோடு கூட்டமாக நின்று கண் கலங்கினாராம். பின்னால் இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஈயாடவில்லை.

எமக்குச் செய்தி வந்தபோது யாம் நூலகத்தில் இருந்தோம். யாரும் வந்து சொல்லவில்லை. முரசு கேட்டது, அவ்வளவே. எழுந்து பந்திவரை எப்படிப் போனோம் என்று தெரியவில்லை. வாசலில் பெண்கள் வழிவிட்டார்கள். தொட்டி கவிழ்ந்து கிடந்தது. நான் அதன் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன்.

நான் என்று இங்கே எழுதியிருக்கிறது. அரச ஓலையில் யாம் என்றுதான் வரவேண்டும் என்று நம் ஓலைநாயகம் எழுத்தாணியை நிறுத்திப் பணிவோடு நினைவூட்டினார். அழுதது யாம் அல்ல, நான்தான் என்று சொல்லி எழுதச் செய்தேன். இனி வருவதும் அப்படியே வரட்டும்.

எயினனாரே, உம்மிடம் மறைக்க ஒன்றும் இல்லை. அந்த முற்பகல் எனக்கு இனிப்பாக இருந்தது. சொல்லக் கூசுகிறது, ஆனாலும் அதுதான் உண்மை. இத்தனை ஆண்டுகளாக என் எதிரே யாரும் அவர் பெயரைச் சொல்லித் தேம்பியதில்லை. நான் தனியே விம்மினால்கூடப் பணிப்பெண் ஓடிவந்து கண்ணைத் துடைத்துவிட்டு, சகுனம் கெடும் தேவி என்பாள். தலையில் பூ வைத்துக்கொண்டு, நெற்றியில் பொட்டிட்டுக்கொண்டு, சிரித்த முகமாக இருந்தே என் தாடை வலித்துப்போயிற்று. அன்று முன்பின் அறியாத பெண்கள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டார்கள். ஒருத்தி அவர் தன் மகனுக்குப் பெயர் வைத்ததைச் சொல்லி அழுதாள். ஒரு கிழவர் அவர் குதிரையிலிருந்து தலைகுப்புற விழுந்து எழுந்து சிரித்த கதையைச் சொல்லி அழுதார். அந்தக் கதை எனக்குத் தெரியாது. அவரைப்பற்றி எனக்குத் தெரியாத ஒன்று இன்னும் மிச்சம் இருந்தது என்பதே எவ்வளவு பெரிய ஆறுதல்! அன்று நான் தனியாக இல்லை.

உச்சிப்பொழுதில் பெரியவர்கள் கூடினர். மயிலேறியாரை அழைத்து விசாரித்தனர். உற்ற இரத்தத்தான் அல்லாதவன், முறைமை அறியாமல், ஏறி நிற்கும் பொருட்டுக் கவிழ்த்தது கவிழ்த்தது ஆகாது என்று தீர்ப்புச் சொன்னார்கள். மஞ்சள்நீர் தெளித்துத் தொட்டியை நிமிர்த்தினார்கள். எல்லோரும் முகத்தைத் துடைத்துக்கொண்டனர். ‘பொய்யாச் செத்தவருக்கு ஆயுசு கெட்டி, தாயே. ராசா நூறு வயசு இருப்பாரு’ என்று என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். என் கழுத்தைக் கட்டியிருந்த கைகள் ஒவ்வொன்றாக விலகின. யாரோ பூ கொண்டுவந்து என் தலையில் வைத்தார்கள். பூவாத்தாள் சிதறிய புல்லைக் கூட்டித் தொட்டியில் போட்டாள். பிறகு அவரவர் வேலைக்குப் போய்விட்டார்கள். நான் மட்டும் அந்த வெறும் பந்தியில், எப்போதும்போல, காத்திருக்கிறவளாக நின்றேன்.

இங்கே உள்ள அமைச்சர் சிலர், இளவேளார் அரசுகட்டிலுக்கு ஆசைப்பட்டுத் தச்சரை ஏவித் தொட்டியைக் கவிழ்க்கப் பார்த்தார் என்று என் காதில் ஓதுகின்றனர். அவர்களை வாயடக்கி அனுப்பிவிட்டேன். அரசுகட்டில் வேண்டியிருந்தால், படை திரும்பிய அன்றே தொட்டியைக் கவிழ்க்க உமக்கு வழி இருந்ததே. படை போன வழியில், வெள்ளம் புரண்ட ஆற்றில் மன்னர் முதலில் குதிரையை இறக்கினார். கரையில் நின்றவர் நீர். திரும்பி வந்த படையில் மன்னரின் உற்ற இரத்தத்தாரும் நீர் ஒருவரே. பெரியவர்கள் உம்மைத் தொட்டியின் முன் நிறுத்தி, இளவேளே, நீர் கண்டது என்ன என்று கேட்டார்கள். நீர் குனிந்து ஒரு பிடி புல்லை எடுத்துத் தொட்டியில் போட்டீர். அப்படியே திரும்பி நடந்து ஆழித்துறைக்குப் போய்விட்டீர். அன்றிலிருந்து நீர் இங்கே வரவே இல்லை.

அந்த ஒரு பிடி புல் என்மேல் வைத்த இரக்கம் என்று நெடுநாள் நினைத்திருந்தேன். உம்மேல் நீரே வைத்த இரக்கம் என்று இப்போது தோன்றுகிறது. கோபித்துக்கொண்டு சொல்லவில்லை. தமையனை வெள்ளம் கொண்டுபோவதைப் பார்த்தவருக்கு அதைச் சொல்ல வாய் எப்படி வரும்? அந்தத் தொட்டியைத் தொட உமக்குக் கை வரவில்லை. ஆகவேதான் அது நிற்கும் வீட்டைத் தூண் தூணாகப் பிரித்து எடுக்கிறீர். எல்லாம் போனபின் தொட்டி தானாக இல்லாமல் போய்விடும் என்று நம்புகிறீர். அது போகாது, எயினனாரே. வெட்டவெளியில் நின்றாலும் பூவாத்தாள் புல் போடுவாள், நானும் பூ வைத்துக்கொண்டு பக்கத்தில் நிற்பேன். உமக்கும் எனக்கும் இதிலிருந்து விடுதலை இல்லை.

ஆகவே முத்திரை காக்கும் தேவியாக யாம் இடும் ஆணை கேளும். தச்சரையும் வண்டிகளையும் இனி அனுப்ப வேண்டா. தூதரையும் அனுப்ப வேண்டா. படையோ பல்லக்கோ இல்லாமல், குதிரையேறி, நீரே வருக. கேட்டவர்க்கு, அண்ணி அழைத்தாள் என்று மட்டும் சொல்லுக. வந்து, ஆற்றங்கரையில் நீர் கண்டதை எனக்குச் சொல்லுக. எதையும் குறைக்க வேண்டா. சொன்னபின் உமது கையால் தொட்டியைக் கவிழ்க்க. பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்து, மன்னருக்காக அல்ல, உம் அண்ணனுக்காக அழுக. அழுது முடித்த பிறகு இந்த முத்திரை உம்முடையது. கடைக்கோடிக் கொட்டடியின் மரமும் உம்முடையது; மண்டபத்தில் எங்கே வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்க, அதன் மெருகை மட்டும் சீவாதிருக்க.

மயிலேறியார் மேல் ஒரு குற்றமும் இல்லை. அவரை யாரும் ஏசலாகாது. இந்த ஓலையைக் கொண்டு வருகிறவரும் அவரே. ஊணும் உடையும் தந்து உபசரிக்க.

இவ்வாணை மீறப்படாதிருக்க, வேங்கை முத்திரை இட்டோம்.

ஓலையின் அடியில் மன்னர்க்கு யாண்டு இத்தனையாவது என்று ஆட்சியாண்டை எழுதுவது வழக்கம். எந்த யாண்டு எழுதுவது தேவி என்று ஓலைநாயகம் கேட்டு நிற்கிறார். இடம் விட்டுவிடச் சொன்னேன். அழிசியாரின் யாண்டு எந்த நாளோடு முடிந்தது என்று அறிந்தவர் நீர் ஒருவரே. வந்து, உமது கையால் எழுதும்.