அப்பாவின் பத்தாம் வகுப்பு

ஜேடர்பாளையம்,
பிப்ரவரி 11.

அன்புள்ள அப்பாவுக்கு மகள் தனப்பிரியா எழுதுவது. உங்கள் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. இங்கே நானும் அம்மாவும் இருக்கிறோம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை.

மேல்முறையீடு தள்ளுபடியானதை வக்கீல் எங்களுக்கும் போனில் சொன்னார். ஆயுள் தண்டனை அப்படியேதான். இனி அவரிடம் கேட்க எதுவும் இல்லை. அதனால் பத்தாம் வகுப்புப் பரீட்சையும் வேண்டாம், புத்தகங்களைச் சிறை வாத்தியாரிடமே கொடுத்துவிடுகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். படித்து என்ன ஆகப்போகிறது என்றும் கேட்டிருக்கிறீர்கள். இரண்டு நாள் யோசித்தேன். எனக்கும் தெரியவில்லை. அம்மாவிடம் கேட்டேன். பரீட்ச எழுதீட்டா செத்தவரு எந்திரிச்சு வந்துருவாராக்கும் என்று சொல்லிவிட்டு, மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

அம்மா இனி மாதாமாதம் உங்களைப் பார்க்கக் கோவை ஜெயிலுக்கு வருவார் என்று தோன்றவில்லை. பஸ்ஸில் உட்கார முடியவில்லை என்கிறார். அது காரணமில்லை என்பது உங்களுக்கும் தெரியும்.

எனக்கும் இன்னும் மூன்று வாரத்தில் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு. அது முடிந்ததும் பள்ளிபாளையத்தில் ஒரு தறிப்பட்டறைக்கு அனுப்ப அம்மா பேசிவிட்டார். ஆனாலும் படிக்கிறேன். படிக்கிற நேரத்தில் வேறு எதையும் நினைக்க முடியாது. எனக்குத் தெரிந்த பலன் அது ஒன்றுதான்.

படித்தது மனதில் நிற்கவில்லை என்கிறீர்கள். முப்பது பக்கத்தை ஒரே மூச்சில் வாசித்தால் யாருக்கும் நிற்காது. ஒரு பக்கம் வாசியுங்கள். புத்தகத்தை மூடிவிட்டுப் பார்க்காமல் எழுதுங்கள். விட்டுப்போனதை மட்டும் திரும்ப வாசியுங்கள். மறுநாள் காலையில் அதையே இன்னொரு முறை எழுதுங்கள். லாரி ஓட்டிய காலத்தில் சேலம், தொப்பூர், ஓசூர், கர்னூல், ஹைதராபாத் என்று நாக்பூர் வரைக்கும் வரிசையாகச் சொல்வீர்களே, அது போய்ப் போய் வந்ததுதானே. வரலாற்றுப் பாடமும் அப்படித்தான் வரும். கணக்கில் வரைபடத்தை விட்டுவிடாதீர்கள். கை பழகினால் போதும்.

புத்தகத்தை மூடிவைத்து, விட்டுப்போனதை மட்டும் திரும்பப் பார்க்கும் இந்த முறை எனக்குக் கனிஷ்கா சொல்லிக்கொடுத்தது. வெள்ளியங்கிரி பெரியப்பா மகள் என்றாலும், ஏழாம் வகுப்பு வரை ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள் நாங்கள். கிணற்றுத் தண்ணீர் யார் முறை என்ற சண்டையில் நீங்கள் மண்வெட்டியால் அடித்து, பெரியப்பா ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே இறந்த நாளிலிருந்து, ஐந்து வருடமாக ஒரே வகுப்பில் பேசாமல் உட்கார்ந்திருக்கிறோம்.

போன வாரம் திருப்புதலுக்காக எங்களை இரண்டிரண்டு பேராக உட்காரவைத்தார்கள். புது டீச்சர் வெளியூர்க்காரர், அவருக்கு எதுவும் தெரியாது. கனிஷ்காவை என் பக்கத்தில் உட்காரச் சொன்னார். அவள் பத்துக் கேள்வி கேட்டாள். எட்டுக்குச் சரியாகச் சொன்னேன். தப்பான இரண்டையும் மறுபடி கேட்டாள், பழையபடி. மணி அடித்ததும், உங்கப்பா பத்தாவது எழுதறாராமா என்றாள். சித்தப்பா என்று சொல்லவில்லை. ஆமாம் என்றேன். எங்கப்பாவும் பத்தாவது முடிக்கல என்று சொல்லிவிட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மறுநாள் வேறு பெஞ்சில் உட்கார்ந்தாள்.

அதற்குப் பிறகு எனக்கும் இரண்டு நாள் பாடம் ஏறவில்லை.

தமிழ்த் தாளில் கடிதம் எழுதச் சொல்லி ஒரு கேள்வி வரும். உண்மையிலேயே ஒருவரை மனதில் வைத்து எழுதிப் பழகினால்தான் அது நன்றாக வரும் என்பார் எங்கள் தமிழம்மா. கனிஷ்காவின் அம்மா, தெய்வநாயகி பெரியம்மாவுக்கு ஒன்று எழுதிப் பாருங்கள் அப்பா. அவருக்கு அனுப்ப வேண்டாம். அனுப்பினாலும் அவர் பிரிக்க மாட்டார். எனக்கு அனுப்புங்கள், பிழை திருத்தி வைக்கிறேன். ஒரு வரிக்கு மேல் வரவில்லை என்றால், அந்த ஒரு வரியை மட்டுமாவது அனுப்புங்கள்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும் மகள்,
தனப்பிரியா.