யாரும் சாகாத ஆப்பிரிக்கக் கதைகள்

அக்கா, என் சலேத் அக்கா,

இன்றோடு ஒரு வருடம். காலைப் பூசையில் உன் பெயரை வாசித்தார்கள். அம்மா கேட்கவில்லை. போன மாதத்திலிருந்து அவள் நம் கோயிலுக்கு வருவதில்லை. பஸ் ஏறித் திருவொற்றியூர் போய், யாருக்கும் தன்னைத் தெரியாத ஒரு கோயிலில் முட்டிபோட்டுவிட்டு வருகிறாள்.

நேற்று பால் பூத் சுவரில் உனக்குக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டினேன். சாயங்காலத்துக்குள் யாரோ உன் முகத்தை மட்டும் சுரண்டி எடுத்திருந்தார்கள். பெயரை விட்டுவிட்டார்கள். பெயர் இருந்தால்தானே யாரைச் சுரண்டினோம் என்று மற்றவர்களுக்குத் தெரியும்.

நீதான் அந்த வால்வைத் திருப்பினாய் என்று தெரு நம்புகிறது. லீவு நாளில், தான் வேலை பார்க்கும் இறால் ஷெட்டுக்கு அரட்டையடிக்கப் போனவள். ஐஸ் மெஷினில் தொடக்கூடாததைத் தொட்டு, அமோனியாவைத் திறந்துவிட்டு, தானும் செத்து, இரண்டு பெண்களின் கண்களையும் கெடுத்தவள். அந்தப் பெண்களின் அம்மாக்கள் கோயிலில் மூன்றாவது பெஞ்சில் உட்காருகிறவர்கள். நம் அம்மா பக்கத்தில் வந்தால் எழுந்து வேறு பெஞ்சுக்குப் போய்விடுவார்கள். எத்தனை வாரம்தான் பொறுப்பாள்?

இதெல்லாம் ஒரு காகிதத்திலிருந்து வந்தது. அதில் கையெழுத்துப் போட்டது நான்.

காகிதத்துக்கு வருகிறேன். முதலில் அந்தப் புத்தகங்கள். அவற்றைப் பற்றிப் பேசினால் நீ கேட்பாய்.

மூர் மார்க்கெட்டில் மூன்று கிடைத்தன. எம்.ஏ. கருத்தரங்குக்கு வேண்டியிருந்தது. ஆப்பிரிக்காவில் ஒரு சின்ன ஊர், ஓர் ஏரி, ஓய்வுபெற்ற ஒரு மருத்துவச்சி. அவள் கையில் பிறக்காதவர்கள் அந்த ஊரில் இல்லை. அதனால் அவளிடம் பொய் சொல்ல எல்லோருக்கும் கூசும். யாராவது எதையாவது தொலைத்துவிட்டு அவளிடம் வருவார்கள். அவள் சைக்கிளில் வீடு வீடாகப் போய், டீ குடித்து, கண்டுபிடிப்பாள். எழுதியவள் ஒரு வெள்ளைக்காரி. பின் அட்டையில் நாயோடு நின்றாள். ஒரு கண்டத்தையே தங்களுக்கு வசதியான தோட்டமாக இவர்கள் எப்படி எழுதிக்கொள்கிறார்கள் என்று கிழித்துக் காட்டுவது என் திட்டம்.

ஞாயிறு மத்தியானங்களில் நீ விரல்களுக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு உட்காருவாய். இறால் ஓடு கிழித்த விரல்கள். நான் இங்கிலீஷில் ஒரு பக்கம் படித்து, உனக்குத் தமிழில் சொல்வேன்.

"கொல ஒண்ணும் இல்லியாடா?"

"இல்ல."

"ஒண்ணு கூடவா?"

"ஒரு ஆடு காணாம போவுது."

"அப்ப அத்த சொல்லு. பாவம், ஆடு."

நான் கோபப்படுவேன். "அக்கா, இதெல்லாம் டூப்பு. அந்த நாட்ல பஞ்சம் கீது, சண்ட கீது, சீக்கு கீது. இந்தம்மா உக்காந்து டீ குடிச்சிகினு கீது."

"பஞ்சம் இருந்தா டீ குடிக்கக் கூடாதா? நம்ம வூட்ல சோறு இல்லாதப்ப இன்னாடா குடிச்சோம்?"

இந்தக் கேள்வியை என் கட்டுரையில் நான் சேர்க்கவில்லை. கட்டுரையை நன்றாக இருக்கிறது என்றார்கள்.

நீ அந்த ஊரை உன் ஊராக்கிக்கொண்டாய். துறைமுகத்திலிருந்து பெரிய மரங்களை ஏற்றிக்கொண்டு டிரெய்லர் போனால், "அந்தம்மா ஊர்லேந்து வருது பாரு" என்பாய். தெருவில் குடம் காணாமல் போனால் நீயே போய் விசாரித்தாய். "அவ எப்டி கேக்கறா பாத்தியா? நீதானே எடுத்தன்னு கேக்க மாட்டா. உங்க மாமியாருக்குக் கால் வலி எப்டி கீதுன்னு கேப்பா. அப்பால அவளே சொல்லிடுவா." குடம் கிடைத்தது. கொண்டுவந்து கொடுத்தவளை உட்காரவைத்து டீ போட்டுக் கொடுத்தாய்.

என்னதான் இருந்தது அதில், உனக்கு? நான் பலமுறை கேட்டிருக்கிறேன். ஒரு முறைதான் ஒழுங்காகப் பதில் சொன்னாய்.

"எல்லாருக்கும் டைம் கீதுடா அங்க."

ஷெட்டில் நீ நின்றது பத்து மணி நேரம். பேசினால் திட்டு. பாத்ரூம் போகக் கைதூக்க வேண்டும். அங்கே ஒருத்தி ஒரு ஆட்டுக்காக நான்கு நாள் ஊர் முழுக்க உட்கார்ந்து பேசுகிறாள், யாரும் அவளை விரட்டவில்லை. நான் அதை வெள்ளைக்காரக் கனவு என்று எழுதினேன். அது உன் கனவாகவும் இருந்தது என்று எழுத எனக்குத் தோன்றவில்லை.

பிறகு அந்த ஞாயிறு.

காலை ஆறு மணி. நீ செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாய். தோளில் துணிப்பை. பையின் வாய் திறந்திருந்ததால் உள்ளே ஷெட்டுக்குப் போடும் ரப்பர் பூட்ஸ் தெரிந்தது.

"இன்னிக்கி உனுக்கு லீவு தானே?"

"தோ, ஒரு எட்டு. அஞ்சு மணிக்கெல்லாம் வந்துருவேன். மிச்சத்த நீயா படிச்சி முடிச்சிடாத, ஒத வாங்குவ."

நான் திரும்பிப் படுத்தேன்.

பதினோரு மணிக்கு ஷெட்டிலிருந்து ஆள் வந்தான். ஆஸ்பத்திரி வராந்தாவில் அம்மாவைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஷெட் மேனேஜர் என்னைத் தனியாக அழைத்துப் போனார். என்னிடம் இங்கிலீஷில் பேசினார். நம் தெருவில் யாரிடமும் யாரும் அப்படிப் பேசியதில்லை. நான் படித்தவன், எனக்குப் புரியும் என்றார். இதில் பிரச்சினை வந்தால் ஷெட்டுக்குச் சீல் வைப்பார்கள், அத்தனை பெண்களும் தெருவில் நிற்பார்கள் என்றார். சாயங்காலத்துக்குள் உன்னை வீட்டுக்குக் கொண்டுபோக அவர் ஏற்பாடு செய்வார் என்றார். இரண்டு பக்கக் காகிதத்தை நீட்டினார்.

படித்தேன். வார்த்தை வார்த்தையாகப் புரிந்தது. அந்த மொழியில் பட்டம் வாங்கியவன் நான். அன்று உனக்கு வேலை இல்லை. அனுமதியில்லாமல் உள்ளே வந்தாய். மெஷினைக் கையாண்டாய். குடும்பத்தார் இதை அறிவார்கள், ஒப்புக்கொள்கிறார்கள்.

உன் பையில் பூட்ஸ் இருந்ததைப் பார்த்தவன் நான். அரட்டையடிக்கப் போகிறவள் எதற்கு பூட்ஸ் எடுத்துப் போகிறாள்? அந்தக் கேள்வி எனக்குள் வந்தது. அவரிடம் கேட்கவில்லை. அவருடைய பேனா கனமாக இருந்தது. அதை மட்டும் கவனித்தேன்.

வெளியே வந்ததும் அம்மா என் சட்டையைப் பிடித்தாள். "இன்னாடா எய்தி கீது அதுல?"

"ஒண்ணுமில்லம்மா. பாடி வாங்கறதுக்கு."

அவள் இன்றுவரை அதைத்தான் நம்புகிறாள். தெரு பேசுவதற்கு எங்கிருந்து ஆரம்பம் என்று அவளுக்குத் தெரியாது.

அம்மா திருவொற்றியூர் பஸ் ஏற ஆரம்பித்த வாரம், நான் உன்னோடு வேலை செய்தவர்களின் வீடுகளுக்குப் போனேன். நேராகக் கேட்டேன். கதவைச் சாத்தினார்கள். அப்புறம் உன் மருத்துவச்சியைப் போலப் போனேன். சிரிக்காதே. எனக்கு வேறு வழி எதுவும் கற்றுத்தரப்படவில்லை.

மேசையில் உனக்கு எதிரே நின்று இறால் உரித்த அந்தப் பெரியம்மாவின் வீட்டில் மூன்று முறை உட்கார்ந்தேன். மருமகளின் பிரசவம், மகனின் குடி, கார்ப்பரேஷன் தண்ணீர். மூன்றாம் முறை அவரே நிறுத்தினார்.

"நைனா, நீ இதுக்கா வர்ற? அந்த ஐஸ் மெஷின் குயாய் ஒரு மாசமா ஒழுகிகினு இருந்திச்சி. சைக்கிள் டியூப்ப சுத்தி வெச்சிருந்தானுங்க. உங்க அக்கா அந்தாண்டயே போவல. எங்கூட தான் எறா உரிச்சிகினு இருந்தா."

"அப்ப ஏன் யாரும் சொல்லல?"

"சொன்னா, அவ யாரு டோக்கன்ல உள்ள வந்தான்னு கேப்பானே."

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. வாசலில் ஒரு பலகை, அதில் ஆணிகள், ஒவ்வொருத்திக்கும் நம்பர் போட்ட பித்தளை டோக்கன். வந்ததும் மாட்ட வேண்டும். லீவு கேட்டால் கிடைக்காது என்பதால் ஒருத்தியின் டோக்கனை இன்னொருத்தி மாட்டிவிட்டு அவளுக்காக நிற்பது உங்கள் வழக்கம். தொப்பியும் மாஸ்க்கும் போட்டால் எல்லா முகமும் ஒன்று. அன்று நீ மாட்டியது யாருடைய டோக்கன் என்று அவரும் சொல்லவில்லை.

உன் சிநேகிதி வீட்டுக்குக் கடைசியாகத்தான் போனேன். அவள் பெயரை இங்கே எழுதவில்லை. இந்தக் கடிதம் அச்சாகும் சிறுபத்திரிகைக்கு முந்நூறு வாசகர்கள். இறால் உரிப்பவர்களும் உரிக்க வைப்பவர்களும் அதில் இல்லை. என்றாலும் எழுதவில்லை.

டீ போட உள்ளே போனாள். சுவரில் அவள் மகளின் புதுநன்மைப் படம், கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கிய நாளில் எடுத்தது. வெள்ளை கவுன், தலையில் பூமுடி, கையில் மெழுகுவர்த்தி. ஸ்டுடியோக்காரன் கீழே தங்க எழுத்தில் தேதி போட்டிருந்தான். அந்த ஞாயிறு.

அவள் டம்ளரோடு வந்தாள். நான் படத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"சூப்ரவைசர் கைல ரெண்டு தபா கேட்டேன் தம்பி. புள்ளைக்கு மொத நன்மை சார், அம்மா இல்லாம எப்டின்னு. போனா அப்டியே போயிருன்னான். சலேத்து தான், டோக்கன குடுடி, புள்ளைக்குத் தலை வாரி வுடுன்னா. நீ வந்து துன்ட்டுப் போன்னேன். பிரியாணி எத்து வையி, சாங்காலம் வர்றேன்னா."

அவள் சத்தம் போடாமல் அழுதாள். பக்கத்து வீட்டுக்குக் கேட்கக்கூடாது.

"சொல்வீங்களா அக்கா? கோயில்ல மட்டும். அந்த ரெண்டு அம்மாங்க கிட்ட மட்டும்."

"அவங்க கிட்ட சொன்னா அடுத்த நாளு ஷெட்ல தெரியும். நான் ஒருத்தியா போவேன்? டோக்கன் மாத்தாதவ எவ கீறா அங்க? எல்லாரையும் தொரத்துவான்." பிறகு என் காலைத் தொட வந்தாள். என்னைவிட எட்டு வயது மூத்தவள். நான் காலை இழுத்துக்கொண்டேன். டீயைக் குடித்தேன். குடிக்காமல் எழுந்தால் அவளை வெறுப்பதாக ஆகிவிடும். வெறுக்கிறேனா? சில நாள் வெறுக்கிறேன். உன்மீதும் கோபம்தான். தலை வாரிவிடுவதற்காக ஒரு உயிரா?

அந்தப் புத்தகங்களில் இந்த இடத்தோடு அத்தியாயம் முடியும். எடுத்தவள் சொல்லிவிடுவாள், அழுவாள், கெட்டில் கொதிக்கும், ஊர் பழையபடி ஆகும். அவள் சொன்னதால் யாருக்கும் வேலை போகாது. அக்கா, அவை ஏன் அத்தனை இதமாக இருக்கின்றன என்று இப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஆப்பிரிக்காவோ ஏரியோ டீயோ காரணமில்லை. அங்கே உண்மை மலிவு. சொல்கிறவளுக்கு அதனால் ஒன்றும் ஆகாது. நீங்கள் ஒருவருக்கொருவர் செய்துகொண்ட ஒரே உபகாரம் அந்த டோக்கன். அது வெளியே வரக்கூடாது என்ற உங்கள் பயத்தை வைத்தே ஓட்டைக் குழாயை அவர்கள் மறைத்துக்கொண்டார்கள். இந்தக் கதையை அந்த வெள்ளைக்காரியால் எழுத முடியாது. என்னாலும் முடியவில்லை. கையெழுத்துப் போடத்தான் முடிந்தது.

குழாயை மாற்றிவிட்டார்களாம். மெஷினும் புதுசாம். பெரியம்மா சொன்னார்.

உன் சிநேகிதியின் வாயைத் திறக்கவைக்க எனக்கு உரிமை இல்லை. என் வாய் என்னுடையது. இன்னும் ஒரு மணி நேரத்தில் அம்மா பஸ்ஸிலிருந்து இறங்கி வருவாள். அவள் முந்தானையை அவிழ்த்து வேர்வை துடைத்துத் தண்ணீர் குடித்ததும், அந்தக் காகிதத்தில் என்ன எழுதியிருந்தது என்று சொல்லப்போகிறேன். பொய் என்று தெரிந்தும் போட்டேன் என்பதையும். அடிப்பாள். அடிக்கட்டும். அடிக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தால் என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

அடுத்த ஞாயிறு அவள் வர ஒப்புக்கொண்டாலும் கொள்ளாவிட்டாலும், நம் கோயிலில் பூசை முடிந்ததும் மூன்றாவது பெஞ்சின் முன்னால் போய் நிற்பேன். எங்க அக்கா வேலைக்குத்தான் வந்தா, பூட்ஸ் எடுத்துகினு போனத என் கண்ணால பாத்தேன், தப்பான காகிதத்துல கையெழுத்து போட்டுக் கொடுத்தது நான் என்பேன். யாருக்குப் பதிலாக வந்தாள் என்று கேட்பார்கள். அதற்கு மட்டும் வாய் திறக்க மாட்டேன். பாதி சொல்கிறவனை யார் நம்புவார்கள்? நம்பாவிட்டால் அதற்கடுத்த ஞாயிறும் போவேன். எழுந்து போகிறவர்கள் என்னைப் பார்த்து எழுந்து போகட்டும். அம்மா உட்காரட்டும்.

இது உனக்கு நான் தரும் வாக்கு.

உனக்குப் பின்னால் அதே வயிற்றில் பிறந்தவன்,
அமலன்